உற்பத்தி நிர்வாகமும் நம் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசவும் இசை பாடவும் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மேடையை அணி செய்கின்றனர். நாமோ மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டு ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி வருபவர். ஆயினும், தெரிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அன்புடன் பணித்தமையால், ஒரு தொழிற்சாலை எவ்வாறு நடைபெறுகிறது என்பது பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்தோம். இதனை இன்று கல்லூரிகளில் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்ட் என்று கற்பிக்கின்றனர். நாம் உற்பத்தி நிர்வாகம் என்றே அழைப்போம்.

இயந்திரம், மூலப்பொருள், ஆட்கள், பணம் ஆகிய நான்கும் இருந்துவிட்டால் சரக்கு தானே விளைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு விளைவதில்லை. எதனைச் செய்வது, எவ்வளவு செய்வது, எப்பொழுது செய்வது, எந்த வரிசையில் செய்வது, எவரைக் கொண்டு செய்வது என்ற ஐந்து வினாக்களுக்கும் நாள்தோறும் எவரேனும் விடை கூறியாக வேண்டும். விற்பனையாளர் வாக்குக் கொடுக்கிறார். பொறியாளர் வரைபடம் தருகிறார். கணக்கர் செலவை எண்ணுகிறார். கொடுத்த வாக்கைக் குறித்த நாளில், குறித்த தரத்தில், குறித்த செலவில் காப்பாற்றுவதே உற்பத்தி நிர்வாகத்தின் பணியாகும்.

நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றைக் கூறுவோம். வங்கத்தில் சித்தரஞ்சன் என்னும் ஊரில் உள்ள ரயில் எஞ்சின் தொழிற்சாலையை நீங்கள் அறிவீர்கள். 1950ஆம் ஆண்டில் அங்கே நீராவி எஞ்சின் உற்பத்தி தொடங்கிற்று. முதல் எஞ்சினுக்கு 'தேசபந்து' என்று பெயரிட்டனர். 1972ஆம் ஆண்டு வரை 2,351 நீராவி எஞ்சின்கள் அங்கே உருவாயின. சராசரி பார்த்தால் ஆண்டொன்றுக்கு நூற்றுக்குச் சற்று மேல் எனலாம். அதே தொழிற்சாலை 2019-20ஆம் ஆண்டில் 431 மின்சார எஞ்சின்களைச் செய்து முடித்தது. ஓராண்டில் 300 வேலை நாட்கள் என்று கொண்டால், இரண்டு நாட்களுக்கு மூன்று எஞ்சின்கள் என்ற கணக்குக்குச் சற்றே குறைவு. ஓர் எஞ்சினில் உள்ள உறுப்புக்கள் பல்லாயிரம். அவற்றுள் பல நாட்டின் பல மூலைகளிலிருந்து வருபவை. இவை யாவும் உரிய நாளில் ஓரிடத்தில் கூடுகின்றன என்றால், அதன் பின்னால் எத்தனை பேருடைய திட்டமும் கணக்கும் இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதிலுள்ள நுட்பத்தைத் தாய்மார்கள் நம்மைக் காட்டிலும் நன்கு அறிவர். நம் காலனி விழாவுக்கு 150 பேர் வருகின்றனர், ஆளுக்கு நான்கு இட்லி என்று கொள்வோம். 600 இட்லி வேண்டும். ஒரு கொப்பரையில் ஓர் ஈட்டுக்கு 50 இட்லி; எடுத்து ஊற்றும் நேரத்தையும் சேர்த்து ஓர் ஈட்டுக்குக் கால் மணி நேரம். ஆக, மணிக்கு 200 வீதம் மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு எல்லார் இலையிலும் இட்லி இருக்க வேண்டுமாயின் ஐந்து மணிக்கே அடுப்பு ஏற வேண்டும். நேரமாகிவிட்டதே என்று இலை போட நான்கு பேரையும், சட்னி அரைக்க இரண்டு பேரையும் கூட்டினால் ஓர் இட்லியாவது கூடுமா? கூடாது. இன்னொரு கொப்பரை வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் காரியம் முடியும். தொழிற்சாலையிலும் இதே நியதிதான். எந்த இடத்தில் வேலை தேங்குகிறதோ அந்த இடமே முழுத் தொழிற்சாலையின் வேகத்தையும் முடிவு செய்கிறது. பிற இடங்களில் ஆட்களை விரட்டுவதால் பாதி முடிந்த சரக்கு குவியுமேயன்றி, வெளியே செல்லும் சரக்கு கூடாது.

வேகத்தைப் பற்றிப் பேசும்பொழுது அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டை மறக்க முடியாது. 1913ஆம் ஆண்டில் அவர் தம் தொழிற்சாலையில் நகரும் பாதையை அமைத்தார். அதுவரை ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஏறத்தாழ 12½ மணி நேரம் ஆயிற்று. அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆயின், நாள் முழுவதும் ஒரே திருகை முறுக்கிச் சலித்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டு நீங்கினர். எனவே 1914 ஜனவரியில், ஊதியமும் இலாபப் பங்கும் சேர்த்து நாளொன்றுக்கு 5 டாலர் என்றும், வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைக்கப்படும் என்றும் அவர் அறிவிக்க நேர்ந்தது. இயந்திரத்தை ஒழுங்கு செய்தால் மட்டும் போதாது, மனிதனையும் கருத வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இனி, எங்களைப் போன்ற எழுத்தர்கள் சம்பந்தப்பட்ட பண்டகசாலைக்கு வருவோம். சரக்கை மிகுதியாக வாங்கி அடுக்கினால் பணம் முடங்கும், துருவும் ஏறும். குறைவாக வைத்தால் ஒரு நாள் எல்லாமே நின்றுவிடும். ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்பவர், தேவைப்படும் பொருளைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறையை வகுத்தார். அதற்கு 'கான்பான்' என்னும் சிறு அட்டையே கருவி. உலகமே அதனைப் போற்றிக் கற்றுக்கொண்டது. ஆயின், 1997 பிப்ரவரி முதல் தேதியன்று, பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறிய வால்வைச் செய்துவந்த ஐசின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அவ்வால்வு பெரும்பாலும் அந்த ஓரிடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. கையிருப்போ மிகச் சொற்பம். ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறத்தாழ முழுவதும் சில நாட்கள் நின்றுவிட்டது. அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்று நம் முன்னோர் கூறியது இதைத்தான்! எனினும், வேறு பல கம்பெனிகள் தத்தம் வேலையை ஒதுக்கிவைத்து அவ்வால்வைச் செய்து கொடுத்தமையால், ஒரு வாரத்திற்குள் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. சிக்கனத்தோடு முன்னெச்சரிக்கையும் வேண்டும்; இரண்டும் போதாத வேளையில் நல்லுறவு கைகொடுக்கும்.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சிலவற்றில் காணும் ஒரு வழக்கத்தையும் இங்கே வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் பொருள் வந்து சேராமல் ஆட்கள் வாளா இருப்பர். மார்ச் பிறந்துவிட்டாலோ இரவு பகல் தெரியாது. ஆண்டுக் கணக்கை நிரப்பும் அவசரத்தில், முடியாத வேலை முடிந்ததாக ஏட்டில் ஏறும். விட்டுப்போன உறுப்பை ஏப்ரலில் பூட்டுவர். தூக்கம் இழந்த தொழிலாளியின் கைதான் இயந்திரத்தில் அகப்படுகிறது. சோதனை பார்க்க நேரமின்றி வெளியேறிய சரக்குத்தான் நடுவழியில் பழுதாகிறது. வண்டியில் செல்வோர் நம் குடும்பத்தாரே அன்றோ? இதனைச் சுறுசுறுப்பு என்று பாராட்டுவது தகாது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை நடக்கச் செய்வதே நல்ல நிர்வாகம். உண்மையில், நன்றாக நடக்கும் தொழிற்சாலையில் கூச்சலும் ஓட்டமும் காணப்படா. அது பார்ப்பதற்குச் சற்றுச் சுவையற்றதாகவே தோன்றும்.

அச்சீர்மைக்கு அடிப்படை எது? மெய்யான கணக்கு. ஏட்டில் 40 போல்ட்டு என்று இருந்து, தட்டில் 4 மட்டுமே இருந்தால், எத்துணைப் பெரிய கம்ப்யூட்டரும் பொய்யான திட்டத்தையே தீட்டும். அத்திட்டத்தை நம்பிப் பதினைந்து பேர் காலையில் வந்து நிற்பர். மேலதிகாரி கேட்கிறாரே என்று இனிய எண்ணிக்கை எழுதும் எழுத்தர், அந்தப் பதினைந்து பேருடைய ஒரு நாளைக் களவாடுகிறார். இல்லை என்பதை இல்லை என்று எழுதும் எழுத்தரோ, அந்நேரத்தில் ஏச்சு வாங்கினும், தொழிற்சாலையைக் காப்பாற்றுகிறார்.

நம் காலனியில் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, 'இஞ்சினீயர் ஆனால் கௌரவம், பேனா பிடித்தால் என்ன கௌரவம்?' என்று கேட்கக் காண்கிறோம். இளைஞர்களே, இஞ்சினீயர் ஆகுங்கள், மகிழ்வோம். ஆயின், பண்டகசாலையில் எண்ணுபவரையும், வேலை எதுவரை வந்தது என்று பட்டறை பட்டறையாக நடந்து பார்த்து வருபவரையும், தரம் சோதிப்பவரையும் இழிவாக எண்ணாதீர்கள். அவர்கள் தரும் செய்தி பிழையானால் உங்கள் வரைபடம் காகிதமாகவே நின்றுவிடும். சிறு பட்டறை தொடங்கும் எண்ணம் கொண்டோரும் முதலில் இயந்திரம் வாங்க ஓடாதீர்கள். வேலை எங்கே தேங்கும், எந்தப் பொருள் எத்தனை நாளில் வரும், பழுதானால் யார் பார்ப்பார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளிலிருந்தே உற்பத்தி நிர்வாகம் தொடங்குகிறது.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நமக்கு இத்தொழிற்சாலைகளே சோறு போடுகின்றன. அவை சீராக நடந்தால்தான் இக்காலனியின் விளக்குகள் எரியும். இந்தச் சங்கமும் ஆண்டுதோறும் கூடும். அவரவர் இருக்கையில் அவரவர் கணக்கை மெய்யாக எழுதுவோமாக.