பிள்ளையோடு நீங்கள் முந்திக் கதையுங்கள்



1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளிக்கிட்ட பலருக்கு இது பிறந்த மண். இடம்பெயர்ந்த ஊரில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளைக்கோ இது புது இடம். கூட்டாளி தேடும் இந்த நாட்களில்தான் “பயமோ?” என்று ஒருவன் சிகரெட்டையோ கசிப்பையோ நீட்டுவான். பதின்ம வயதில் துணிச்சல் முந்தும், யோசனை பிந்தும்.

நமது கரைகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தியாவிலிருந்து கடல்வழியாகக் கஞ்சா கடத்தப்படுகிறது. “இந்தப் பொதியைக் கொண்டுபோய்க் குடு, காசு தாறன்” என்று யாரும் கேட்கலாம். சுமந்தவனும் வழக்கில் மாட்டுவான் என்பதைப் பிள்ளைக்கு விளக்குங்கள்.

“அம்மா தேடுவா, நான் போறன்” என்று சொல்லி விலகிவர வீட்டிலேயே பழக்குங்கள்.

சிகரெட், சாராயம், கள் வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

பிள்ளை குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு அடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருங்கள். எழுப்பியும் எழும்பாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விடிந்தபின் “என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்தமுறை ஒளிக்கும்.

ஆலோசனைக்கு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927. கேட்பதில் வெட்கமில்லை.