நகலுக்கு வேண்டிய கூர்மை

கே.ஜி.கண்டிகை பக்கத்து மக்கள் திருத்தணிக் கோயிலில் மொட்டை போட்டுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். முடி எடுப்பவர் கத்திப் பிடியில் பாதி பிளேடைச் செருகுவார். ஒரு தலை முடிந்ததும் அதை எறிந்துவிட்டுப் புதுசு போடுவார். பிடி நிற்கும், அலகு மாறும். ரோமாபுரி வைத்தியரின் அறுவைக் கத்தியும் இதே ஏற்பாடுதான்: வெண்கலப் பிடி, அதில் செருகிய இரும்பு அலகு. அந்தக் காலக் கருவிகளுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் நகல்களின் தரம் எப்படி என்று இன்று பார்ப்போம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பாம்பேய் என்ற ரோமானிய நகரம் புதைந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே தோண்டிய ஒரு வீட்டில் வைத்தியக் கருவிகள் கிடைத்தன. வீட்டுக்கே ‘அறுவை மருத்துவர் வீடு’ என்று பெயர் வந்தது. பாம்பேய்க் கருவிகளின் பெரிய தொகுப்பு நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேப்பிள்ஸ் வார்ப்படச் சாலைகள் பாம்பேய்ப் பொருள்களை வெண்கலத்தில் நகலெடுத்து விற்றன. லண்டனில் ஹென்றி வெல்கம் திரட்டிய மருத்துவச் சேகரிப்பிலும் அத்தகைய நகல்கள் சேர்ந்தன.

நகலின் அருமை ‘ஸ்பெகுலம்’ என்ற கருவியில் தெரியும். பெண்களைப் பரிசோதிக்கும் கருவி அது. திருகைச் சுற்றினால் மூன்று இதழ்களும் ஒரே அளவாக விரியும். படத்தில் பார்த்தால் இரும்புச் சாமான் மாதிரி மிரட்டும். நன்றாகச் செய்த நகலைக் கையில் வாங்கித் திருகினால், வலி குறைய எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது விரலுக்கே புரியும்.

குறை எங்கே? பழமை தெரிய வேண்டுமென்று நகலுக்குப் பச்சைக் களிம்பு ஏற்றினார்கள். வைத்தியர் கையில் இருந்தபோது வெண்கலம் பொன்னாகப் பளபளத்திருக்கும். களிம்பு மண்ணுக்குள் கிடந்ததால் வந்தது. இரும்பு அலகு பெரும்பாலும் துருவேறிப் போனதால், வெறும் பிடியை மட்டும் வார்த்த நகல்களும் உண்டு. வெட்டும் பாகமே இல்லாத கத்தியை வைத்து எதைச் சொல்லிக் கொடுப்பது?

நம் பக்கத்துக் கதை வேறு. பழைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்கிதை 101 யந்திரங்களையும் (மழுங்கிய கருவிகள்) 20 சஸ்திரங்களையும் (வெட்டும் கருவிகள்) சொல்கிறது. சஸ்திரத்துக்கு மயிரை அறுக்கும் கூர்மை வேண்டும் என்கிறது. ஆனால் பாம்பேய் மாதிரி ஒரு வீடு நமக்குக் கிடைக்கவில்லை. கிரீந்திரநாத் முகோபாத்யாயர் 1913-14இல் கல்கத்தாவில் வெளியிட்ட நூல் போன்றவற்றில் உள்ள கருவிப் படங்கள் ஏட்டுச் சொல்லை வைத்து ஊகித்தவை. அந்த வழியில் செய்யும் சிங்கமுக இடுக்கியை நகல் என்பதைவிட, படித்தவர் ஒருவரின் யோசனை என்பதே பொருத்தம். அதில் தப்பில்லை, பெயர்ப்பலகையில் அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தஞ்சையில் நிலைமை மேல். மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே ஊகத்துக்குப் பிடிமானம் உண்டு.

என் தீர்ப்பு இது. அலகோடு, அசலின் எடையோடு, களிம்பு பூசாமல், எது கண்டெடுத்தது எது ஊகம் என்று எழுதி அருங்காட்சியகங்கள் நகல் செய்யட்டும். செய்ததைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்ட வேண்டாம். பூட்டு அசலுக்குப் போதும்; நகல் பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போகட்டும்.