களிக்குத் தனிப்பானை வேண்டாம்



‘சோற்றுக்கு மாற்று என்ன?’ என்று வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தருமபுரிச் சீமையில் நின்றுகொண்டு இதைக் கேட்பதே வேடிக்கை. என் சின்ன வயதில் இங்கே மாற்றாக இருந்தது அரிசிதான். பொங்கல், தீபாவளி, மாப்பிள்ளை விருந்து என்றால் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி, இல்லையென்றால் கம்மஞ்சோறு.

பள்ளிக்கூடத்துக்குத் தூக்குவாளியில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுபோவேன். மூடியை முழுசாகத் திறக்க மாட்டேன். கையை உள்ளே விட்டு, உருண்டை வெளியே தெரியாமல் பிய்த்து விழுங்குவேன். பக்கத்தில் உட்கார்ந்தவன் டப்பாவில் வெள்ளைவெளேர் என்று சோறு. நம்முடையது கறுப்பு. அந்த வெட்கம்தான் களியைப் பாதி விரட்டியது.

மீதிப் பாதிக்குக் காரணம் உலக்கை. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, உமி போகப் புடைத்து, திரும்பவும் குத்தி, ஒரு வேளைக் கம்மஞ்சோற்றுக்கு அரைநாள் தோள் நோகும். குத்த வேண்டாத ரேஷன் அரிசியோ 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலே வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசியை விரட்டிய அரிசி அது. ‘அந்தக் காலத்தில் கம்பு தின்று நூறு வயது வாழ்ந்தார்கள்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள், பிரசவத்திலும் பஞ்சத்திலும் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் இன்று உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. மில்லில் கொடுத்தால் மாவாகக் கையில் வருகிறது. வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பும் இல்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. டாக்டர் சிறுதானியம் சாப்பிடச் சொன்ன மறுநாள் நம் வீட்டில் என்ன நடக்கிறது? தாத்தாவுக்கு மட்டும் தனிப்பானையில் சாமை. மற்றவர்களுக்குச் சோறு, வத்தக்குழம்பு, அப்பளம். பாவம், அவர் தட்டு மட்டும் ஆஸ்பத்திரித் தட்டு. நாலாம் நாள் அவர் கேட்கிறார்: “எனக்கும் ரெண்டு கரண்டி சோறு போடும்மா.” போடாமல் என்ன செய்வார் மருமகள்?

நான் சொல்ல வந்தது இதுதான்: தனிப்பானையை எடுத்துவிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு வெள்ளை அரிசியில் பத்தை ஒட்டித்தான். கால்சியம் அதிகம் தேவைப்படுவது யாருக்கு? வளர்கிற பிள்ளைக்கு, பால் கொடுக்கிற தாய்க்கு. அவர்களை விட்டுவிட்டு, சிறுதானியத்தைத் தாத்தாவுக்கு மட்டும் மருந்தாக அளந்து போடுகிறோம்!

இட்லிக்கு ஊறப்போடும் நாலு பங்கு அரிசியில் இரண்டு பங்கை வரகாக மாற்றுங்கள். உளுந்து அதே அளவு. குதிரைவாலியில் வெண்பொங்கல் வைத்து மிளகு, சீரகம், நெய் தாளித்துப் போடுங்கள். பிள்ளைகள் தட்டை வழிப்பார்கள். பெயரை மட்டும் முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வரகிலும் சாமையிலும் மாவுச்சத்து உண்டு. சோற்றைக் குவித்த மாதிரியே இதையும் குவித்தால் சர்க்கரை இறங்காது. மையாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தாலும் வேகமாக ஏறும். தவிடு போகத் தீட்டி, அரிசி மாதிரி வெளுத்துப் பளபளக்கிற சாமையை வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள். கொஞ்சம் பழுப்பாக இருக்கட்டும். தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் பருப்பும் இருக்கட்டும்.

ஆண்களே, உங்களிடமும் ஒன்று. களி கிண்ட வலு வேண்டும். நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி பறித்து வேகவிட்டு, பிறகு கட்டி விழாமல் கிண்ட வேண்டும். அந்தத் துடுப்பு உங்கள் கைக்கும் அடங்கும்.

2023 மே மாதம் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும்தான், ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். கேட்டு வாங்குங்கள், வாங்கியதை மாட்டுக்குப் போடாதீர்கள்.

பின்கட்டில் களி கிண்டியாகிவிட்டது. கீரைக் கடைசல் ஒரு பாத்திரம், கருவாட்டுக் குழம்பு ஒரு பாத்திரம். நன்றியுரையைச் சுருக்கிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆறினால் களி இறுகிவிடும், வாருங்கள்.