எண்ணோடு அலகும் போகவேண்டும்
(நீர்வள மாதிரியாக்கக் கருத்தரங்கு, முரசுமோட்டை: தலைமை உரை)



கணித மாதிரிகளைப் பற்றிய கருத்தரங்கை முரசுமோட்டையில் வைப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் துருசில் திறக்கும் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து சேரும் வயல்களில் ஒரு பகுதி இந்தப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியின் இருபுறமும் கிடக்கிறது. மாதிரி சொல்லும் எண் பிழைத்தால் அதைச் சுமப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் பேசும்போது நமக்குக் கவனம் கூடும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. ஒரு ஸ்கிரிப்ட் இன்னொரு ஸ்கிரிப்டுக்கு மதிப்புகளைக் கையளிக்கும் முறை பற்றியது அது. சமன்பாடுகளுக்கு நாம் பல மாதங்கள் செலவிடுகிறோம். இந்தக் கையளிப்புக்கு அரை நாள்கூடக் கொடுப்பதில்லை. நம் மாதிரிகளில் மிகப் பலவீனமான இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இரணைமடுவுக்கு ஒரு மாதிரி எப்படி அமையும் என்று பாருங்கள். கனகராயன் ஆற்றுப் படுகையில் பெய்த மழை குளத்துக்கு எவ்வளவு வரத்தாகும் என்பதை ஒரு ஸ்கிரிப்ட் கணிக்கும். குளத்தின் நாளாந்த நீர்ச் சமநிலையை இரண்டாவது ஸ்கிரிப்ட் பார்க்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை மூன்றாவது ஸ்கிரிப்ட் சொல்லும். மூன்றையும் ஒருவரே எழுதுவது அபூர்வம். முதலாவது மாட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில் இருக்கும், மூன்றாவது காம்ஸ் என்ற மாதிரியாக்க மென்பொருளில் இருக்கும், இடையில் ஓர் எழுத்துக் கோப்பு நிற்கும்.

அந்தக் கோப்பில் 60,000 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் ஆயிரம் கன மீற்றரில் எழுதினார். அதாவது 60 மில்லியன் கன மீற்றர். வாசித்தவர் ஏக்கர் அடி என்று எடுத்துக்கொண்டார். ஒரு ஏக்கர் அடி என்பது சுமார் 1,233 கன மீற்றர். ஏக்கருக்கு நான்கு ஏக்கர் அடி தேவை என்று கொண்டால் வாசித்தவரின் கணக்கில் 15,000 ஏக்கர் விதைக்கலாம். உண்மையில் அந்தத் தண்ணீர் 12,160 ஏக்கருக்குத்தான் காணும். மீதி ஏறத்தாழ 2,800 ஏக்கரும் நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது காயும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்தான் முதலில் காயும்.

இந்தப் பிழையின் கொடுமை, அது பிழைபோலத் தெரியாததுதான். பத்து மடங்கு வித்தியாசம் என்றால் யாருடைய கண்ணிலும் குத்தும். கால்வாசிக்குக் குறைந்த வித்தியாசம் ஒரு நல்ல மழை ஆண்டின் கணக்கைப்போலவே இருக்கும். 131 மில்லியன் கன மீற்றராக இருந்த இரணைமடுவின் கொள்ளளவு, அண்மைய புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்ந்தபோது 148 மில்லியன் ஆனது. அந்த 148 மில்லியன் ஏறத்தாழ 1,20,000 ஏக்கர் அடி. அடியில் மட்டம், ஏக்கரில் வயல், கன மீற்றரில் கொள்ளளவு என்று நாம் இரண்டு அளவை முறைகளில் ஒரே நேரத்தில் வாழ்கிறோம். அதனால் இந்த ஆபத்து நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்திருக்கின்றன. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிற்றர் 1999 செப்டெம்பர் 23இல் செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துதலின் அளவைப் பவுண்ட்-விசை செக்கனில் கோப்பாக எழுதியது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் செக்கன் என்று வாசித்தது. வித்தியாசம் 4.45 மடங்கு. இரண்டு பக்கத்துக் கணக்கும் தன்னளவில் சரி.

மென்பொருளுக்கு மென்பொருள் இந்தச் சிக்கலின் முகம் மாறும். மாட்லாபில் ஒரு ஸ்கிரிப்ட் இன்னொன்றை அழைத்தால் இரண்டும் ஒரே வேலைவெளியில்தான் இயங்கும். நீர்மட்டம் என்ற மாறியில் நீங்கள் 36 அடி வைத்திருக்கிறீர்கள். அழைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் அதே பெயரில் அதை மீற்றராக்குகிறது. திரும்பி வரும்போது அது 10.97. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டினால் 3.34. எச்சரிக்கை ஒன்றும் வராது. இதைக் கையளிப்பு என்று சொல்லவே கூடாது. இரண்டு பேர் ஒரே தாளில் அழித்தெழுதுவது இது. ஃபங்ஷனாக எழுதினால் அதற்கென்று தனி வேலைவெளி கிடைக்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் முதல் வரியிலேயே தெரியும்.

உலக வங்கியில் பிறந்த காம்ஸ் வேறு விதம். கட்டளை வரியில் கொடுக்கும் மதிப்பை அது எண்ணாக வாங்குவதில்லை. எழுத்தாக வாங்கி, நிரலுக்குள் அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் அப்படியே ஒட்டுகிறது. 3+2 என்று கொடுத்து உள்ளே அதை 2ஆல் பெருக்கச் சொல்லியிருந்தால் 10 வரும் என்று எதிர்பார்ப்போம். காம்ஸ் 2*3+2 என்று படித்து 8 என்று சொல்லும். உள்ளே அடைப்புக்குறி போட்டிருந்தால் தப்பலாம். பெல் ஆய்வுகூடத்தில் ஃபூரர், கே, கெர்னிகன் ஆகிய மூவரும் உருவாக்கிய ஆம்பிள் என்ற மாதிரியாக்க மொழியில் ஒரு ஸ்கிரிப்டை உள்ளே சேர்த்தால் எல்லாப் பெயர்களும் பொதுவாகிவிடும். ஆயினும் ஒரு அளவுரு எந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவைக்க ஆம்பிள் இடம் கொடுக்கிறது. அந்த வசதியை நம்மில் பலர் தொடுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

வாங்குகிறவர் சோதித்து வாங்கவேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது. கொள்ளளவு என்று வரும் எண், மில்லியன் கன மீற்றராக மாற்றியபின், பூச்சியத்துக்கும் 148க்கும் இடையில் இல்லாவிட்டால் நிரல் அங்கேயே நிற்கவேண்டும். காம்ஸில் அதற்கு ஒரு வரி போதும். மாட்லாபில் 2019இலிருந்து ஃபங்ஷனின் தலைப்பிலேயே இந்தச் சோதனைகளை எழுதலாம். எல்லைச் சோதனை மாத்திரம் போதாது, ஏனென்றால் நான் சொன்ன 60,000 இரண்டு அலகிலும் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே அலகும், அளந்த திகதியும், எழுதிய ஸ்கிரிப்டின் பெயரும் எண்ணோடு சேர்ந்தே போகவேண்டும். திகதி ஏன் என்று கேட்கலாம். 2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் வந்ததை இந்த அவையில் பலர் பார்த்தவர்கள். அதன் காரணங்களுக்குள் நான் போகவில்லை. அப்படியான ஓர் இரவில் மாலை ஆறு மணி நீர்மட்டத்தை நள்ளிரவு நீர்மட்டம் என்று எடுத்துக்கொள்ளும் மாதிரி யாருக்கும் உதவாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கட்டுரை வாசிக்கப்போகும் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவு வரைபடங்களைக் காட்டுவதற்கு முன், ஒரு ஸ்கிரிப்டிலிருந்து அடுத்ததற்கு எண் போகும் அந்த ஒரு வரியைத் திரையில் காட்டுங்கள். அலகு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும் உரிமை முன்வரிசையில் இருக்கும் கமக்காரருக்கும் உண்டு. மாவட்டச் செயலகத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகத்துக்கான ஏக்கரைத் தீர்மானிப்பவர்களில் அவர்களும் அடங்குவர். முதலாவது கட்டுரை வரத்துக் கணிப்பைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.