மேனிலைக் கல்வியில் எப்பாடம் எடுப்பது?

(உடன்குடியில், பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)



பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஓராண்டு அலைகிறோம். வீட்டுக்கு மனை பார்க்க ஆறு திங்கள் அலைகிறோம். பிள்ளை பதினோராம் வகுப்பில் எந்தப் பாடங்களைப் படிப்பது என்பதையோ, பள்ளி அலுவலகத்தின் வாயிலில் வரிசையில் நிற்கும்போது முடிவு செய்கிறோம். ஒரு நாழிகையில் செய்யும் அம்முடிவு நாற்பதாண்டு வாழ்வைத் திருப்பிவிடும். அதனால்தான் சேர்க்கை தொடங்குமுன் உங்களோடு பேச வந்தேன்.

தமிழகத்தில் மேனிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. அதுவரை கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு நீங்கி, பள்ளியிலேயே இரண்டாண்டுப் படிப்பாக அது வந்தது. முதற் பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அந்த முதல் அணியில் நானும் ஒருவன். என் தந்தையார் பனையேறி. என்னை அழைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குச் சென்றார். "எந்தப் பிரிவு?" என்று கேட்டார்கள். "படிக்கிற பிரிவு ஐயா" என்றார் என் தந்தையார். இடம் எதில் ஒழிந்திருந்ததோ அதில் என்னைச் சேர்த்தார்கள். கணக்கில் என்னினும் பன்மடங்கு வல்லவனாயிருந்த என் நண்பனையும் அவ்வாறே கணக்கு இல்லாத பிரிவில் அமர்த்தினார்கள். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவன் கனவு. அதற்குக் கணக்கு வேண்டும் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின்னரே அவனுக்குத் தெரிய வந்தது. அவனிடம் அறிவுக்குக் குறைவில்லை. சொல்வாரைத்தான் காணோம்! அக்குறை இவ்வூரில் இன்னொரு பிள்ளைக்கு நேரக் கூடாது.

எனவே முதலில் கதவுகளைப் பற்றிக் கூறுகிறேன். தமிழகப் பொறியியற் சேர்க்கைக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200 மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 1984-இல் வந்த நுழைவுத்தேர்வு 2007-இல் நீங்கியபின், மேனிலைத் தேர்வின் மதிப்பெண்ணே அதற்கு அளவுகோல். கணக்கை விட்டவர்க்கு அவ்விருநூறில் பாதி தொடக்கத்திலேயே போய்விடுகிறது. மருத்துவத்திற்கு உயிரியலும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். 2017 முதல் தமிழகத்தில் 'நீட்' தேர்வும் எழுத வேண்டும். அரசுப் பள்ளியிற் படித்து அத்தேர்வில் தேறியவர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு இடம் தனியே உண்டு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிற்கு எப்பிரிவினரும் செல்லலாம். பட்டயக் கணக்காய்வும் அவ்வாறே. எனினும் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் படித்தவர்க்கு அப்பாதை பழகிய பாதையாக இருக்கும். வரலாறும் பொருளியலும் படித்தவர் ஆட்சிப்பணித் தேர்வுக்கு அடித்தளம் இட்டுக்கொள்கிறார். ஆகவே தாழ்ந்த பிரிவு என்று ஒன்றில்லை. தெரியாமல் எடுத்த பிரிவுதான் தாழ்ந்த பிரிவு.

"அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்தது" என்பது தக்க கரணியம் ஆகாது. "மதிப்பெண் மிகுதி, ஆகவே முதற்பிரிவு" என்பதும் ஆகாது. நானூற்றெண்பது எடுத்தவன் வரலாற்றை விரும்பினால் அவனை ஏன் தடுக்க வேண்டும்? முந்நூறு எடுத்தவள் கணக்கில் மட்டும் தொண்ணூறு வைத்திருந்தால் அவளை ஏன் அதிலிருந்து விலக்க வேண்டும்? மொத்த எண்ணைப் பாராதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் எண்ணையும் தனித்தனியே பாருங்கள். அதற்கு மேலாகப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எந்தப் பாடத்தை ஏவாமலே எடுத்து அமர்கிறதோ, அதுவே அதன் பாடம்.

அறிவியல் நமக்கு அயலான பொருள் என்று எண்ணாதீர்கள். பதநீர் புளியாதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறோமே, அது வேதியியல். எந்தப் பதத்தில் இறக்கினால் பாகு கட்டியாக இறுகும் என்று நம் தாய்மார்கள் அறிந்திருக்கிறார்களே, அது இயற்பியல். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை உலகச் சந்தைக்குக் கொண்டு செல்ல வணிகவியல் கற்றவர் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் பெருமுத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அங்கேயே 1973-இல் நடுவண் கடல்மீன் ஆய்வு நிறுவனத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். கடல் கொடுக்க மறுத்ததைக் கல்வி கொடுத்தது! தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் நடந்து வருகிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதைவிட அண்மையான கல்லூரி எது?

அருகில் குலசேகரன்பட்டினத்தில் சிறு ஏவூர்திகளுக்கான ஏவுதளத்திற்கு 2024 பிப்பிரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தென்திசை நோக்கி நேரே ஏவலாம் என்பதே இந்நிலத்தின் சிறப்பு. அத்தளத்தின் வேலிக்கு வெளியே காவல் நிற்பதா, உள்ளே அமர்ந்து கணிப்பதா என்பதை, இந்த ஊர்ப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் எடுக்கும் பாடமும் ஓரளவு முடிவு செய்யும். சரக்கல்விளைச் சிற்றூரில் தமிழ்வழி அரசுப் பள்ளியிற் படித்த சிவன் முதலில் கணக்கில் பட்டம் பெற்றார். பின்னர் வானூர்திப் பொறியியல் கற்றார். 2018-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். கணக்கைக் கைவிடாதிருந்ததால் அன்றோ அந்த இரண்டாம் கதவு அவர்க்குத் திறந்தது!

இனி, மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அத்துடன் அது நின்றுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சையோ சமற்கிருதத்தையோ எடுக்கலாம் என்ற வழி திறந்தே கிடக்கிறது. "மதிப்பெண் எளிதில் வரும்" என்று கூறிப் பல பெற்றோர் அவ்வழியில் பிள்ளைகளை அனுப்புகின்றனர். அவர்களை ஒன்று கேட்கிறேன். பொறியியற் சேர்க்கைக்குரிய இருநூறில் மொழிப்பாடத்தின் மதிப்பெண் எங்கே இருக்கிறது? மருத்துவச் சேர்க்கையில் எங்கே இருக்கிறது? இரண்டிலும் இல்லை! பயன்படாத பத்து மதிப்பெண்ணுக்காகப் பயன்படும் தாய்மொழியை விற்பது என்ன வணிகம்? 1841-இல் நம் பக்கத்து இடையன்குடித் தேரியில் வந்து குடியேறிய கால்டுவெல் அயல்மொழியினர். அவர் தமிழைக் கற்று, 1856-இல் ஒப்பிலக்கணம் தந்தார். அயலார் கற்று உயர்ந்த மொழியை, உடையவர் இரண்டாண்டு முன்பே கைவிடலாமா?

"தமிழ்வழியிற் படித்தவன் கல்லூரியில் தடுமாற மாட்டானா?" என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். மறைக்காமல் சொல்கிறேன்: தடுமாறுவான். முதற்பருவத்தில் ஆங்கிலச் சொற்கள் அவனை மருட்டும். அதற்கு மருந்து, ஆங்கிலத்தை ஒரு மொழியாக இப்போதே நன்கு கற்பது. பொருளை விளங்கும் மொழியை மாற்றுவதன்று. பொருள் விளங்கியவனுக்குச் சொல் பின்னால் வரும். சொல்லை மட்டும் உருப்போட்டவனுக்குப் பொருள் எந்நாளும் வாராது.

மற்றுமொன்று. தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அது திருத்தப்பட்டது. அதன்படி, பணிக்குரிய தகுதிவரை முழுமையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் வழி மாறினால், மேனிலைக் கல்வியோ பட்டமோ கேட்கப்படும் பணிகளில் அவ்வுரிமை போய்விடும். வழியை மாற்றச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்கிறார்களா?

2018-இல் நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று வழக்கு நடந்தது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வருந்தியவர்கள் தமிழ்ப்பிள்ளைகளே. உயிரியலும் தமிழும் ஒருசேர அறிந்தவர் போதிய அளவில் இருந்து, அவர்கள் கையில் அத்தாள் சென்றிருந்தால், அப்பிழைகள் நேர்ந்திருக்குமா? அறிவியல் படிப்பவர் தமிழை விட, தமிழ் படிப்பவர் அறிவியலை விட, இடையில் அகப்பட்டு நசுங்குவது நம் பிள்ளைகளின் வாழ்வு.

பெண்மக்களைப் பெற்றவர்களே! "பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை, ஆகவே கிடைத்ததைப் படி" என்று மகளிடம் மட்டும் சொல்லாதீர்கள். மகனுக்குப் பேருந்துக் காசு கொடுக்கும் கை மகளுக்கும் கொடுக்கட்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் உயர்கல்விக்குச் சென்றால் திங்கள்தோறும் 1000 உருபா தரும் திட்டம் 2022-இல் தொடங்கியது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே! வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதுங்கள். எனக்கு எப்பாடம் இனிக்கிறது? அது எக்கதவைத் திறக்கிறது? அதை எடுத்தால் எக்கதவு மூடும்? அத்தாளைத் தந்தையிடம் காட்டுங்கள். பள்ளி அலுவலகத்தில் "எந்தப் பிரிவு?" என்று கேட்கும்போது, உங்கள் தந்தை தலைகுனிந்து நிற்க வேண்டா, நீங்களே தலைநிமிர்ந்து விடை சொல்லுங்கள். என் தந்தையாரால் சொல்ல இயலாமற் போன அந்த விடையை உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்.

வாழ்க நும் கல்வி! வளர்க தமிழ்!