அந்தேரியின் கருங்குன்றம்



நம் காலனிச் சிறுவர்களை அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்றுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பதே என் விண்ணப்பம். சுமார் 6.6 கோடி ஆண்டுகட்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறை அது. குழம்பு குளிர்ந்து சுருங்குங்கால் வெடிப்புற்றுச் செங்குத்தான தூண்களாகப் பிரியும். ஏறக்குறைய 200 அடி உயரம் அத்தூண்கள் நெருங்கி நிற்பதை அங்கே கண்ணாரக் காணலாம். உச்சியில் காவ்தேவி கோயில் உண்டு. ஆதலின் பாட்டிமாரும் உடன் வருவர்!

கல்லுடைப்போர் சுற்றிலும் வெட்டியெடுத்தது போக எஞ்சியதே இன்றைய குன்று. 2007-இல் மும்பை மாநகராட்சி அதனைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனினும் கட்டடங்கள் அடிவாரம்வரை நெருங்கிவிட்டன. மழையும் வெயிலும் பாறையைத் தின்கின்றன. பிள்ளைகள் இப்போதே பார்த்துவிடட்டும். நினைவுக்கென்று ஒரு சில்லும் பெயர்த்துவர வேண்டா. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.