ஊர்ப் பெயரைக் கண்டுபிடி: தொடங்குபவர்களுக்கு ஒரு ப்ரோகிராம்

கம்ப்யூட்டர் 1 முதல் 100 வரை ஓர் எண்ணை எடுத்து மறைத்துக்கொள்கிறது. ஆடுபவர் ஓர் எண்ணை டைப் செய்ததும், மறைந்திருப்பது அதைவிடப் பெரியதா சிறியதா என்று திரையில் எழுத்தாகவே பதில் வரும். படமோ ஒலியோ கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் மொழி இருப்பதால், கடலூரிலோ சிதம்பரத்திலோ அந்தப் பாடம் படிக்கும் மாணவர் இதை இருபது வரிக்குள் எழுதிவிடலாம்.

மறைத்த எண்ணுக்கு ஒரு மாறி, ஒப்பிட ஒரு நிபந்தனை, விடை வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்க ஒரு லூப். இவ்வளவுதான் கட்டமைப்பு. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விசைப்பலகையில் தட்டிய 50 பைத்தானுக்கு எண்ணாகப் போவதில்லை, எழுத்தாகத்தான் போகிறது. அதை எண்ணாக மாற்றாமல் 'சமமா' என்று மட்டும் கேட்டால், சரியான விடையையும் தவறு என்றே ப்ரோகிராம் சொல்லிக்கொண்டிருக்கும். ஆட்டத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் நடு எண்ணையே கேட்டு மீதியைப் பாதியாக்கிக்கொண்டு போனால் ஏழு முறைக்குள் விடை கிடைத்துவிடும். 1000 வரை என்றாலும் பத்து முறை போதும்.

எண்ணை விட்டு ஊர்ப் பெயருக்கு வந்தால்தான் தமிழ் மாணவருக்கு உண்மையான வேலை இருக்கிறது. கடலூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று ரயில் பாதை ஊர்களை ஒரு பட்டியலில் போடலாம். கம்ப்யூட்டர் ஒன்றைத் தேர்ந்து, எழுத்துக்கு ஒரு கோடு போட்டுக் காட்டும். ஆடுபவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பெயரை நிரப்ப வேண்டும்.

சிதம்பரம் என்ற பெயரில் ஆறு எழுத்துகள். பைத்தானின் நீளக் கணக்கோ ஒன்பது என்கிறது. யூனிகோட் முறையில் 'சி' என்பது சகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது; 'ம்' என்பதில் புள்ளி தனி. பரங்கிப்பேட்டையின் எட்டு எழுத்துகள் இப்படியே பதினான்காகிவிடுகின்றன. விளைவு விளையாட்டையே கெடுக்கிறது. பெயரில் இல்லாத 'ச' சரி என்று ஏற்கப்படும். முதல் எழுத்தான 'சி'யைச் சரியாகச் சொன்னவருக்கோ ஒரு வாய்ப்புப் பறிபோகும், ஏனென்றால் எந்த ஒற்றைக் குறியீடும் அதற்குச் சமமாக இல்லை.

இதற்கென்றே ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். ஆனாலும் முதல் முறை மாணவர் தாமே எழுதிப் பார்ப்பது நல்லது, ஐந்தாறு வரிதான். சொல்லின் குறியீடுகளை வரிசையாக எடுக்க வேண்டும். வந்தது புள்ளியோ பதினோரு உயிர்க்குறிகளில் ஒன்றோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் புதிய எழுத்தாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சிதம்பரம் உடனே ஆறாகிவிடும். அதன்பின் கோடுகளும் ஒப்பீடும் இந்தப் பட்டியலைக் கொண்டே நடக்க வேண்டும்.

மீதமிருப்பவை சிறு வேலைகள். ஏற்கெனவே சொன்ன எழுத்துகளைத் தனியே குறித்து வைத்தால், அதே எழுத்து மறுபடி வரும்போது வாய்ப்பைக் குறைக்காமல் வேறு எழுத்து கேட்கலாம். கோடு ஒன்றும் மிச்சமில்லை என்றாலோ, கொடுத்த வாய்ப்புகள் தீர்ந்தாலோ லூப் நிற்க வேண்டும். தோற்றவருக்கு ஊரின் பெயரைக் காட்டிவிட வேண்டும்.